ஸ்டாக்ஹோமில் கடைசி இடம்

1962 ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல் சதுரங்கப் போட்டியின் பட்டியலை எடுத்தால் எல்லாருடைய கண்ணும் உச்சிக்குத்தான் போகும். ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதலிடம் பிடித்த 18 வயது பாபி ஃபிஷர் அங்கே இருக்கிறார். நான் அடியிலிருந்து படிப்பவன். 23 பேரில் கடைசியாக இந்தியாவின் மானுவல் ஆரன். அவர் எடுத்த சொற்பப் புள்ளிகளில் ஒன்று லயோஷ் போர்ட்டிஷை வென்று வந்தது, இன்னொன்று வொல்ஃப்காங் உல்மனை வென்று வந்தது. இரண்டு பேருமே கிராண்ட்மாஸ்டர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு லைப்சிக் ஒலிம்பியாட்டில் முன்னாள் உலகச் சாம்பியன் மாக்ஸ் யூவேயையும் அவர் வீழ்த்தியிருந்தார்.

ரஷ்யாவின் சிகோரினை ரசிப்பவர்களுக்கு ஆரனை நான் விளக்க வேண்டியதில்லை. ஹவானாவில் 1889, 1892 என்று இரண்டு முறை உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸிடம் தோற்றவர் சிகோரின். இரண்டாவது போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஒரு காய் அதிகமாக வைத்திருந்தார். ராஜாவுக்குக் காவலாக d6-இல் நின்ற பிஷப்பை அங்கிருந்து நகர்த்தினார். இரண்டே நகர்த்தலில் மேட். அந்த ஒரு கட்டத்தை வைத்து அவரை எடைபோட்ட ரஷ்யர் உண்டா? 1895 ஹேஸ்டிங்ஸில் உலகச் சாம்பியன் லாஸ்கருக்கு எதிராக, மூன்றாவது நகர்த்தலிலேயே பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வெட்டினார். பிறகு இரண்டாவது பிஷப்பையும் அப்படியே கொடுத்தார். கடைசியில் அவருடைய இரண்டு குதிரைகள் லாஸ்கரின் இரண்டு பிஷப்புகளைக் கட்டிப்போட்டு வென்றன. பிஷப் ஜோடியே உயர்ந்தது என்று பாடம் நடத்துபவர்களிடம் நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான். ரஷ்யப் பள்ளியின் தந்தை என்று அவரைச் சொல்வது பட்டத்துக்காக அல்ல.

நம்முடைய சிகோரின் ஆரன்தான். பட்டர்வொர்த் நண்பர் ஒருவர் இதை ஒப்புவதில்லை. அவருக்கு ஆனந்துக்கு முன்னால் எதுவுமே கிடையாது. 1961-இல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன முதல் இந்தியர் ஆரன். அடுத்தவர் ரவிக்குமார் வர 1978 ஆனது. நடுவில் 17 வருடம் ஒற்றை ஆள். ஒன்பது தேசியப் பட்டங்கள். அதில் 1969 முதல் 1973 வரை தொடர்ந்து ஐந்து. நாற்பதைத் தாண்டிய பிறகும் 1981-இல் ஒன்று.

அந்தத் தனிமையின் கனம் புரிய, பழைய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்த என் பெரியப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த சட்டப்படிதான் விளையாடுவார். காஸ்லிங் கிடையாது. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரிப் பாயலாம். அவரோடு ஆடிப் பழகிவிட்டுப் பள்ளிப் போட்டியில் உட்கார்ந்தால் கை தடுமாறும். இந்தியாவில் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் வளர்ந்ததும் இத்தகைய சட்டங்களில்தான். ஓப்பனிங் புத்தகம் படியுங்கள், உலகம் ஆடுகிற மாதிரி ஆடுங்கள் என்று ஒரு தலைமுறையையே திருப்பியவர் ஆரன்.

1972-இல் மெட்ராஸ் சோவியத் கலாசார மையத்தில், ரீகாவின் மந்திரவாதி எனப்பட்ட சோவியத் ஆட்டக்காரர் தால் பெயரில், அவர் ஒரு கிளப் தொடங்கினார். அங்கே பிளிட்ஸில் வென்றவர் நாற்காலியை விடமாட்டார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிறுவன் ஆனந்த் வேகம் பழகியது அந்த வரிசையில். சிகோரின் விதைத்த மரபு மெட்ராஸுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான் என்பேன். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட், 2024-இல் நம் பக்கத்துச் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன். எல்லாம் அந்த நாற்காலிக்குப் பிறகு வந்தவை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்குப் போய்ப் பார்க்கிறேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஏன் இந்த நகர்த்தல் என்று கேட்டால் கணினி காட்டும் எண்ணைச் சொல்கிறார்கள். 0.3 என்பது பதிலா? தோற்றால் எழுந்து நிற்கவும் வேண்டாம்; ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த ஆள் வந்துவிடுகிறான். பழைய ஆட்டங்களைப் பலகையில் ஒவ்வொரு காயாக நகர்த்திப் பார்க்கும் பழக்கம் போயேவிட்டது. வகுப்பு நடத்துபவர்களிடம் நான் கேட்பது மாதத்தில் ஒரு ஞாயிறு. கணினியை மூடிவிட்டு, லாஸ்கர்–சிகோரின் ஆட்டத்தையும் போர்ட்டிஷை ஆரன் வென்ற ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். பலகையும் காய்களும் நான் கொண்டுவருகிறேன்.