கட்டும் துணியும் தைத்த ஆடையும்: டீனா லெசரின் கோடை ஓய்வுடைகளில் ஆசியக் கூறுகள்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பெண்களின் கோடைக்கால ஓய்வுடைகளில் வேட்டி, சரோங் ஆகியவற்றின் கூறுகள் இடம்பெற்றன. இதனைத் 'தாக்கம்' என்னும் ஒற்றைச் சொல்லால் குறிப்பது போதாது. கட்டும் துணி தைத்த ஆடையாக மாறும்போது வடிவம் ஆக்கும் உரிமை உடுத்துபவரிடமிருந்து வடிவமைப்பாளரிடம் சேர்கிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஓய்வுடை, டீனா லெசர், வேட்டி, சரோங், மதராஸ் துணி

முன்னுரை

அமெரிக்க ஆடைத்துறையில் 'ஸ்போர்ட்ஸ்வேர்' என்பது விளையாட்டு வீரரின் உடையை மட்டும் குறிப்பதன்று. கடற்கரைக்கும் விடுமுறைக்கும் ஏற்ற எளிய ஆயத்த ஆடைகளையும் சுட்டும். 1940இல் பாரிஸ் ஜெர்மானியப் படைகளின் பிடிக்குள் சென்றபின், அமெரிக்க ஆடைத்துறை தன் வடிவமைப்பாளர்களையே சார்ந்து நிற்க நேர்ந்தது. 1942இல் வந்த எல்-85 ஆணை ஆடைக்குச் செலவிடும் துணியின் அளவைக் கட்டுப்படுத்தியது. இச்சூழலில் முன்னணிக்கு வந்தவர்களுள் ஒருவர் டீனா லெசர். 1910இல் பிலடெல்பியாவில் பிறந்த அவர், 1935இல் ஹொனலுலுவில் ஆடைக்கடை தொடங்கினார். பின்னர் நியூயார்க்கில் பணியாற்றி, 1945இல் கோட்டி விருது பெற்றார்.

சரோங்: பெயரின் பயணம்

'சரோங்' மலாய்ச் சொல். இலங்கையிலும் தென்தமிழகத்திலும் வழங்கும் 'சாரம்' இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்கரிடையே இச்சொல்லைப் பரப்பியதில் நடிகை டோரத்தி லாமூரின் திரைப்படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 'தி ஜங்கிள் பிரின்சஸ்' (1936) மலாயாவைக் களமாகக் கொண்டது. 'தி ஹரிகேன்' (1937) தென்பசிபிக் தீவுகளைக் களமாகக் கொண்டது. இரண்டிலும் அவர் உடுத்தியது 'சரோங்' என்றே அழைக்கப்பட்டது. பாலினேசியரின் 'பரேயோ' தன் பெயரை இழந்து மலாய்ச் சொல்லுக்குள் அடங்கியது. ஆகவே லெசரின் சரோங் பாணி உடைகளை 'ஆசியத் தாக்கம்' என வகைப்படுத்தும்போதே ஹவாய் மறைந்துவிடுகிறது. அவர் தொழில் தொடங்கிய இடமோ ஹவாய்.

வேட்டி: வினையின் மாற்றம்

லெசரின் படைப்புகளுள் 'தோத்தி' எனப் பெயர்பெற்ற காற்சட்டை வகை தனித்து நோக்கத்தக்கது. தமிழில் வேட்டியைக் 'கட்டுகிறோம்', சட்டையைப் 'போடுகிறோம்'. இவ்வினை வேறுபாடு வெறும் வழக்கன்று. வெட்டாத, தைக்காத துணி உடுத்துபவரின் கையிலேயே வடிவம் பெறுகிறது. கொசுவத்தின் அளவும் கச்சத்தின் இறுக்கமும் அன்றன்று முடிவாகின்றன. அவிழ்த்தால் வடிவம் மறைந்து துணி மட்டுமே எஞ்சும். ஆயத்த ஆடையிலோ அம்மடிப்புகளைத் தையல் நிலைப்படுத்துகிறது. கட்டுவது போடுவதாகிறது. பலதலைமுறைக் கைப்பழக்கமாக, ஆசிரியரின்றி வாழ்ந்த வடிவத்துக்கு இப்போது ஓர் ஆசிரியர் வாய்க்கிறார்.

இதனை அபகரிப்பு என்று மட்டும் கூறி முடிப்பது எளிது. எட்வர்ட் சயித்தின் 'கீழைத்தேயவியல்' (1978) நூலுக்குப் பின் அவ்வாசிப்பு பழகிய தடமாகிவிட்டது. ஆனால் மடிசாரில் பெண்களும் கச்சம் வைத்து உடுத்துவர் எனினும், லெசரின் உடை பெயர் பெற்றது ஆணின் வேட்டியிலிருந்தே. அமெரிக்கப் பெண்கள் காற்சட்டை அணிவது பல பொது இடங்களில் ஏற்கப்படாத காலத்தில், கால்களைப் பிரித்து நடக்கும் உரிமைக்கு ஆசிய ஆணின் உடை வழிவிட்டது. அவ்விடுதலையை மறுத்துவிட்டு இவ்வுடையை மதிப்பிட இயலாது. அதற்காக விலக்கப்பட்ட கையை மறப்பதும் முறையன்று.

மதராஸ்: துணியின் பயணம்

இதற்கு எதிர்த்திசையில் அமைவது மதராஸ் கட்டம். இங்குப் பயணித்தது வடிவமன்று, துணி. கைத்தறியில் நெய்த இப்பருத்தித் துணி 1950, 60களில் அமெரிக்கக் கோடை ஆடைகளில் பெருவழக்காயிற்று. துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி ஒன்றோடொன்று கலக்கும் அதன் இயல்பை விளம்பரங்கள் சிறப்பாகவே போற்றின. ஊர்ப்பெயர் நிலைத்தது, நெய்தவர், சாயமிட்டவர் பெயர்கள் நிலைக்கவில்லை.

முடிவுரை

'தாக்கம்' என்ற சொல்லின்கீழ் பெயர், வடிவம், துணி ஆகிய மூன்று வெவ்வேறு பயணங்கள் மறைந்துள்ளன. சரோங்கில் பெயர் இடம்மாறிற்று. வேட்டியில் கட்டு தையலாயிற்று. மதராஸில் துணி வந்தது, கை மறைந்தது. லெசரின் திறன் உண்மையானது. தைத்து நிலைப்படுத்துவதும் படைப்பே. எனினும், தைத்தவரின் பெயரைப் பதிந்துவைக்கும் ஆடை வரலாறு, கட்டியவரையும் நெய்தவரையும் 'மரபு' என்னும் பொதுச்சொல்லில் அடைத்துவிடுகிறது. அச்சொல்லைப் பிரித்துப் பார்ப்பதே ஆடைத் திறனாய்வின் முதற்பணி எனலாம்.