ஒரே பாட்டு, மூன்று ஊர், மூன்று ரோரி

கிதார் கலைஞர் ரோரி கேலகரின் பாக்ஸ் செட்டுகளைச் சேர்க்க ஆரம்பித்த பிறகுதான் அவருடைய மனோதர்மம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது. ஒரு பாட்டை மேடைக்கு மேடை வேறாக வாசிப்பார் மனிதர். 'இந்தப் பாட்டுதான் ஏற்கெனவே இருக்கிறதே' என்ற பேச்சே அவரிடம் எடுபடாது. அவர் விஷயத்தில் ஒவ்வொரு பதிவும் புதுப் பாட்டு!

1948இல் அயர்லாந்தின் டொனிகாலில் பிறந்து, கார்க் நகரில் வளர்ந்தவர் ரோரி. 1963இல், பதினைந்து வயதில், 100 பவுண்டுக்கு வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரைக் கடைசிவரை விடவில்லை. வியர்வையில் வர்ணமெல்லாம் உதிர்ந்து கட்டை தெரியும் அந்தக் கிதாரைப் படத்தில் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். 1995இல், 47 வயதில் அவர் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற ஒலிநாடாக்களைத் தம்பி டோனலும், டோனலின் மகன் டேனியலும் கண்ணும் கருத்துமாகத் தொகுத்து நமக்குத் தந்துகொண்டிருக்கிறார்கள்.

என் சேகரிப்பின் மகுடம், 2014இல் வந்த 'ஐரிஷ் டூர் 74' பெட்டி. ஏழு சிடிக்களும் ஒரு டிவிடியும். இதே பெயரில் முன்பு வந்த இரட்டை இசைத்தட்டில் பெரும்பாலும் கார்க் கச்சேரிதான். பெட்டியில் டப்ளினும் பெல்ஃபாஸ்டும் சேர்ந்து கிடைக்கின்றன. 'எ மில்லியன் மைல்ஸ் அவே' பாட்டை மூன்று ஊர்ப் பதிவிலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மெட்டு அதேதான், ஆனால் சோலோ போகும் வழி வேறு. ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துகிற இடம் வேறு, விடுகிற இடம் வேறு. குழுவில் இருந்த லூ மார்ட்டினின் கீபோர்டு அதற்குப் பதில் சொல்கிற விதமும் மாறுகிறது. பெல்ஃபாஸ்டில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. பல குழுக்கள் அந்தப் பக்கம் போகவே தயங்கின. ரோரி போனார். அங்கே அல்ஸ்டர் ஹால் அரங்கில் கூட்டம் போடுகிற ஆரவாரத்தைக் கேட்கையில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அடுத்தது 'டியூஸ்'. 1971இல் வந்த இந்த ஆல்பத்தின் பொன்விழாப் பதிப்பு 2022இல் வெளியானது. அதுவரை வெளிவராத 28 மாற்றுப் பதிவுகள் அதில் இருக்கின்றன. கச்சேரிக்குப் போகும் முன்னும் முடித்து வந்த பின்னும் ஸ்டுடியோவில் வாசித்த ஆல்பம் இது. மேடையின் சூடு ஆறாத கிதார்! கூடவே வரும் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியிருப்பவர் தி ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார்.

தேடிப் பிடிக்க வேண்டிய இன்னொன்று 'நோட்ஸ் ஃப்ரம் சான் ஃபிரான்சிஸ்கோ'. 1977 வாக்கில் எலியட் மேசர் தயாரிப்பில் பதிவான ஆல்பம். மிக்ஸிங் மனதுக்கு ஒப்பவில்லை என்று, முடிந்த வேலையைக் கிடப்பில் போட்டார் ரோரி. அதன் பாட்டுகள் பலவற்றை மூவர் குழுவாகப் புதிதாக வாசித்து 1978இல் 'ஃபோட்டோ-ஃபினிஷ்' கொண்டுவந்தார். கிடப்பில் கிடந்தது 2011இல் வெளிவந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'மிசிசிப்பி ஷேக்ஸ்' கேட்கும்போது, ஒரு கலைஞன் தன் மனதை மாற்றிக்கொள்வதையே நேரில் பார்ப்பதுபோல இருக்கிறது. இந்தச் சுகத்தை எந்த 'சிறந்த பாடல்கள்' தொகுப்பும் தராது.

இப்போது 2024இல் வந்த 'பிபிசி கலெக்‌ஷன்' பெட்டிக்குள் இறங்கியிருக்கிறேன். 18 சிடி, 2 ப்ளூ-ரே! அவசரமே இல்லாமல், நாளுக்கு ஒரு கச்சேரி என்று ருசித்துக் கேட்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'ஐரிஷ் டூர் 74' பெட்டியில் ஆரம்பியுங்கள். அதிலும் 'ஆஸ் தி க்ரோ ஃப்ளைஸ்' பாட்டை முதலில் போடுங்கள். எலக்ட்ரிக் கிதாரை இறக்கி வைத்துவிட்டு, இரும்பு உடல் கொண்ட நேஷனல் கிதாரும் மவுத் ஆர்கனுமாக ரோரி தனியாளாய் மண்டபத்தையே கட்டிப்போடுவார். அதைக் கேட்டு முடித்தவர் அடுத்த பெட்டியைத் தானே தேடிப் போவார், நான் சொல்லவே வேண்டாம்.