இரண்டாம் முறை எழுதியவர்

தேசியச் சட்டப் பல்கலைக் கழகங்களில் இடம் நாடும் மாணவர் எழுதவேண்டிய பொது நுழைவுத் தேர்வுக்குக் ‘கிளாட்’ என்று பெயர். 2008-ஆம் ஆண்டு தொடங்கியது. இரண்டு மணி நேரம், 120 வினாக்கள், பிழையான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழிவு, வினாத்தாள் முழுதும் ஆங்கிலம். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக் கழகத்தின் வாயிற்கதவும் இந்தத் திறவுகோலுக்குத்தான் திறக்கும்.

இத்தேர்வை ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். சென்ற ஆண்டு பெற்ற மதிப்பெண் சென்ற ஆண்டோடு செத்தது. இவ்வாண்டு பெற்றதே கணக்கில் ஏறும். முதன்முறை எழுதும் பதினேழு வயதுப் பிள்ளையும், மூன்றாம் முறை எழுதும் இருபது வயது இளைஞனும் ஒரே வரிசையில் நிற்பர். தரவரிசை, எத்தனையாவது முறை என்று பார்ப்பதில்லை. இருவரும் சம மதிப்பெண் பெற்றுவிட்டால்? சட்டப் பகுதியில் மிகுதியாகப் பெற்றவர் முன்னே. அதிலும் சமமென்றால் வயதில் மூத்தவர் முன்னே. அதுவும் சமமென்றால் கணிப்பொறி குலுக்கிப் போடும் சீட்டு!

“எவர் முகத்தையும் பாராத நீதி! என்னே நேர்மை!” என்று பாராட்டுவோர் உளர். பாராட்டட்டும். நீதி தேவதையின் கண்களைத் துணியால் கட்டிச் சிலை வைப்பது நெடுநாள் வழக்கம். முகத்தைப் பாராதிருக்கக் கட்டினார்களா, காலடியில் கிடப்போரைப் பாராதிருக்கக் கட்டினார்களா என்ற ஐயம் எளியோர்க்கு என்றும் உண்டு. உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட புதிய சிலைக்குக் கண்கட்டு இல்லை. சட்டம் கற்பிக்கும் கழகங்களுக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

எண்ணைப் பார்க்கிறார்கள், எண்ணுக்குப் பின்னே இருக்கும் ஆண்டைப் பார்ப்பதில்லை. அதுதான் என் குற்றச்சாட்டு.

ஓர் ஆண்டு என்பது என்ன? மங்களூர் வட்டாரத்தில் ஆசிரியப் பணி புரிபவன் என்ற முறையில் சொல்கிறேன். மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியாக விளையும் பூமி இது. மழை வந்தால் சோறு, வராவிட்டால் கடன். மேனிலைப் பள்ளியை முடித்த பெண்ணொருத்தி, “ஐயா, இன்னும் ஓர் ஆண்டு படித்து மறுபடி எழுதிப் பார்க்கிறேன்” என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் அந்த ஆண்டுக்கு ஒரு நாகரிகமான பெயர் உண்டு: ‘டிராப்’. பயிற்சி நிலையம், விடுதி, மாதிரித் தேர்வு, வாரந்தோறும் மதிப்பெண் பட்டியல் என்று அந்த ஆண்டு கழியும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர், ‘வீட்டில் இருக்கிறாள்’. வீட்டில் இருக்கிறாள் என்ற செய்தி தெருமுனையைத் தாண்டிய மறு வாரமே தரகர் வந்து திண்ணையில் அமர்வார். ஜாதகம் கேட்பார்! அந்தப் பெண் மறுபடி எழுத எண்ணிய தேர்வுக்கு முன்னால் அவளுக்கு வேறொரு நாள் குறிக்கப்பட்டுவிடும். ஆண்பிள்ளையானால் திருப்பூருக்கோ சென்னைக்கோ பேருந்து ஏறுவான்; மாதம் தவறாமல் பணம் அனுப்புவான்; அவனது சட்டப் படிப்பு, தம்பியின் பள்ளிக் கட்டணமாக மாறும்.

நகரத்துப் பிள்ளைக்கு அந்த ஆண்டு ஏணி, எங்கள் பிள்ளைக்கு அதுவே குழி. ஏணியில் ஏறி வந்தவனின் மதிப்பெண்ணையும், குழியில் விழாமல் முதல் முயற்சியிலேயே எட்டிப் பிடித்தவளின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கால் மதிப்பெண் குறைந்தவளைப் பின்னே தள்ளுகிறார்கள். இதற்குத் தகுதி என்று பெயர். திறமை என்று பட்டம்.

அந்தக் கால் மதிப்பெண் அத்தனை புனிதமானதா? 2024 டிசம்பர் 1-ஆம் நாள் நடந்த கிளாட் தேர்வின் விடைக்குறிப்பிலேயே பிழை என்று மாணவர்கள் நீதிமன்றம் ஏறினர். தில்லி உயர் நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம் என்று வழக்கு நடந்து, 2025 மே மாதத்தில் சில வினாக்களுக்கான விடையையும் மதிப்பெண்ணையும் திருத்துமாறு ஆணை பிறந்தது. கேள்வி கேட்டவர்களே விடையில் தடுமாறிய தேர்வு அது! சட்டம் பயில வருவோர்க்கு அந்த வழக்கே முதல் பாடமாக அமைந்தது.

அமெரிக்காவில் சட்டக் கல்லூரிகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். அங்கே ‘எல்சாட்’ என்றொரு தேர்வு. மதிப்பெண் 120-லிருந்து 180 வரை. ஒருவர் வாழ்நாளில் 7 முறைக்கு மேல் எழுத முடியாது. பல முறை எழுதினால் அத்தனை மதிப்பெண்களும் கல்லூரியின் மேசைக்குப் போகும். ஒன்றைக் காட்டி ஒன்றை மறைப்பதற்கில்லை. முன்னாளில், பல முறை எழுதியவரின் மதிப்பெண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி கண்டனர். முதல் முறை காய்ச்சலில் எழுதியவன், அந்தக் காய்ச்சலை அடுத்த மதிப்பெண்ணிலும் சுமந்தாக வேண்டும்! 2006-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் விதியை மாற்றியது: கல்லூரிகள் தங்கள் மாணவரைப் பற்றிக் கணக்குக் காட்டும்போது உயர்ந்த மதிப்பெண்ணையே காட்டலாம் என்றது. அன்றிலிருந்து பெரும்பாலான கல்லூரிகளின் கண்ணும் உயர்ந்த எண்ணின் மேலேயே நிற்கிறது.

கருணை என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் ஏடுகள் அங்கே உண்டு. சேர்ந்த மாணவரின் எல்சாட் மதிப்பெண் உயர்ந்தால் கல்லூரியின் இடமும் உயரும். சராசரியைக் காட்டவேண்டி இருந்தவரை சராசரியைப் பார்த்தார்கள். உச்சத்தைக் காட்டலாம் என்றதும் உச்சத்தைப் பார்க்கிறார்கள். மாணவன் உயர்ந்தானா என்பதைவிடத் தாங்கள் உயர்ந்தோமா என்பதே கவலை. ஆயினும் அங்கே இரண்டு நல்ல வழக்கங்கள் உள்ளன; அவற்றை நாம் கற்கலாம். தேர்வை நடத்தும் அமைப்பே, தன் மதிப்பெண்ணுக்கு இருபுறமும் ஏறத்தாழ மூன்று புள்ளி அளவுக்கு ஓர் எல்லை வரைந்து, ‘இந்த எண் துல்லியமன்று, இந்த எல்லைக்குள் எங்கோ உன் திறன் இருக்கிறது’ என்று ஒப்புக்கொள்கிறது. நம்மவர்கள் கால் மதிப்பெண்ணில் கோட்டை கட்டுகிறார்கள்! மற்றொன்று, மதிப்பெண் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கான காரணத்தை ஒரு பக்கக் கடிதத்தில் எழுதித் தர மாணவருக்கு இடம் உண்டு. தாய் நோயுற்றாள், வேலைக்குப் போனேன், முதல் முறை எனக்கு வழிகாட்ட எவருமில்லை என்று எழுதலாம். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மனிதக் குரல் கேட்கிறது. (அக்கடிதத்தையும் பணம் கொடுத்து எழுதி வாங்குவோர் அங்கே உண்டு என்பது வேறு கதை. செல்வம் எங்கும் சன்னல் வழியாக நுழையும்.)

நம் நாட்டில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு மருந்து கண்டார்கள்: வயது வரம்பு. 2008-ஆம் ஆண்டு இந்திய வழக்கறிஞர் கழகத்தின் சட்டக் கல்வி விதிகள், ஐந்தாண்டுப் படிப்பில் சேரப் பொதுப் பிரிவினர்க்கு 20 வயது, பிற்படுத்தப்பட்டோர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் 22 வயது என்று வரம்பிட்டன. பின்னர் திரும்பப் பெற்றனர். 2016-ல் மறுபடி கொண்டுவந்தனர். 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நல்லதாயிற்று. வயதுக்கு வேலி கட்டினால் மறுபடி எழுதுவோர் குறைவர் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலி யாரை நிறுத்தும்? பயிற்சி நிலையத்தில் பதினேழு வயதிலேயே பணம் கட்டிச் சேர்ந்தவனையா? பள்ளி முடித்து மூன்றாண்டு மூட்டை தூக்கி, சிறிது காசு சேர்த்து, பிறகு புத்தகத்தைக் கையிலெடுத்தவனையா?

நம் தரப்பிலும் ஒரு பேச்சு உலவுகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கை, நீட் தேர்வு மருத்துவக் கல்வியை என்ன செய்தது என்பதை எண்களால் காட்டியது. தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றோரில் மறுமுறை எழுதியவர் பங்கு 2016-17-ல் 12.47 விழுக்காடு, 2020-21-ல் 71.42 விழுக்காடு. நெஞ்சை உலுக்கும் எண்கள். பள்ளியிலிருந்து நேரே வந்தவர்க்கு வாயில் அடைபட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஆனால் இவ்வெண்களைக் கையிலெடுத்த நம்மவரில் சிலர், மறுமுறை எழுதியவனையே குற்றவாளியாக்கிப் பேசுகிறார்கள். ‘ரிப்பீட்டர்’ என்ற சொல் வசைச் சொல்லாகிவிட்டது. இடத்தைப் பறித்தவன் என்றும், குறுக்கு வழியில் வந்தவன் என்றும் ஏசுகிறார்கள்.

இது தவறான இலக்கு. 2005-ல் தமிழ்நாட்டு அரசு தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்க ஆணையிட்டபோது, மேனிலைத் தேர்வை மறுபடி எழுதி உயர்த்திக்கொண்ட மதிப்பெண்ணையும் ஏற்பதில்லை என்று சேர்த்தே சொன்னது. நுழைவுத் தேர்வு நீக்கம் அன்று நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 2007-ல்தான் நிலைபெற்றது. அந்த நீக்கத்தைக் கைதட்டி வரவேற்கிறேன். மறுமுறை எழுதியதற்காகவே ஒருவரின் மதிப்பெண்ணைத் தள்ளும் எண்ணத்தை வரவேற்க என் மனம் இடந்தரவில்லை. ஏனெனில் எங்கள் வகுப்பறைகளில் முதல் முறையில் தவறியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். தேர்வுக்கு முதல் நாள் வரை பருத்தி எடுக்கப் போனவர்கள் அவர்கள். ஆங்கிலம் என்ற சொல்லையே தமிழில் எழுதிப் பழகியவர்கள். இரண்டாம் வாய்ப்பு யாருக்கேனும் உரியதென்றால், முதலில் அவர்களுக்கே உரியது. பல பல்கலைக் கழகங்களில் பதக்கமும் தரவரிசையும் முதல் முயற்சியில் தேறியோர்க்கு மட்டும்தான். அந்த மனப்பான்மையின் வேர் எங்கே இருக்கிறது? பிறக்கும்போதே படித்துப் பிறந்தவர் போன்ற ஒரு கூட்டத்தின் இறுமாப்பில் அல்லவா?

காந்தியார் சட்டம் பயில இலண்டன் சென்றார், அங்கே மெட்ரிகுலேஷன் தேர்வும் எழுதினார், இலத்தீனில் தவறினார், மறுபடி எழுதி 1890-ல் தேறினார். ‘ரிப்பீட்டர்’ என்று எவரும் அவரை ஏசவில்லை. அதே இலண்டனில் படிக்கச் சென்ற அம்பேத்கரோ, பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பை நடுவில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பொருள் சேர்த்துக்கொண்டு 1920-ல் மீண்டும் சென்று முடித்தார். இரண்டுமே இரண்டாம் முயற்சிகள்தாம். ஒன்று சில மாதங்களில் கைகூடியது. மற்றொன்றுக்கு மூன்றாண்டு பிடித்தது. இடையில் நின்றது அறிவன்று, பணம்.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். மெருகிட்ட பாண்டங்கள் பல இரண்டு முறை சூளை காண்பவை: முதற்சூட்டில் மண் இறுகும்; இரண்டாம் சூட்டில் மெருகு உருகிப் படியும். இரண்டு முறை சுட்டதென்று கடைக்காரர் எவரும் விலையைக் குறைப்பதில்லை. ஆனால் இரண்டாம் சூட்டுக்கும் எரிபொருள் வேண்டும். அதை யார் வாங்கித் தந்தார் என்பதைத்தான் சட்டக் கல்லூரிகள் கேட்க மறுக்கின்றன.

மாற்று வழி நம் மண்ணிலேயே இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக் கழகமும் அதன்கீழ் இயங்கும் அரசு சட்டக் கல்லூரிகளும் ஐந்தாண்டுப் படிப்புக்கு மேனிலை மதிப்பெண்ணைக் கொண்டே இடமளிக்கின்றன. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தொலைவில் விழுப்புரம் சட்டக் கல்லூரி 2017-ல் திறக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 7.5 விழுக்காட்டு இடத்தைச் சட்டப் படிப்பிலும் ஒதுக்கியது. ஓர் ஆண்டை விலைகொடுத்து வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு, தன் பள்ளியில் தன் மொழியில் எழுதிய தேர்வே போதுமென்று சொல்லும் வழி இது. ஆனால் உயர்ந்த கட்டடமும் பெரிய நூலகமும், பெருநிறுவனங்கள் வேலைக்கு ஆள் தேடி வந்து நிற்கும் வாயிலும் கிளாட்டின் பக்கம் இருக்கின்றன. ‘உனக்கு விழுப்புரம் போதும், திருச்சி எதற்கு?’ என்று எங்கள் பிள்ளையிடம் சொல்ல நான் ஆயத்தமில்லை.

ஆகவே கேட்கிறேன். மறுபடி எழுதுவோரைத் தடுக்க வேண்டாம்; தண்டிக்க வேண்டாம்; சராசரி கண்டு குறைக்கவும் வேண்டாம். சேர்ந்தவருள் முதன்முறை எழுதியோர் எத்தனை பேர், மறுமுறை எழுதியோர் எத்தனை பேர், அவருள் அரசுப் பள்ளியில் பயின்றோர் எத்தனை பேர் என்று மருத்துவத்திற்கு எண்ணியது போலச் சட்டத்திற்கும் எண்ணி ஆண்டுதோறும் அறிவிக்கட்டும். இரண்டாம் முறை எழுத விரும்பும் ஏழைப் பிள்ளையின் விண்ணப்பக் கட்டணத்தையும், அந்த ஓராண்டுப் பயிற்சியையும் அரசு ஏற்கட்டும். விருத்தாசலத்தில் ஓர் அரசுப் பள்ளியின் மாலை வகுப்பறை போதும். சம மதிப்பெண் பெற்ற இருவருக்கிடையே கணிப்பொறி சீட்டுக் குலுக்கும் முன், தன் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுபவர் யார் என்று பார்க்கட்டும். இவற்றுள் முதலாவதைத் திருச்சிப் பல்கலைக் கழகம் அடுத்த தேர்வு அறிவிப்பு வெளிவரும் முன்பே செய்யலாம். அதற்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. பல்கலைக் கழகத்தின் பொறுப்பாளர்கள் ஒரு மாலை கூடி அமர்ந்தால் போதும்.