மார்ஜொலேனை எவ்வளவு நம்பலாம்?

பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர் எழுதும் நினைவுநூலுக்கு ஒரு பிறவிக்குறை உண்டு. முடிவு தெரிந்த பிறகு எழுதப்படுவது அது. ஃபிரெஞ்சுக் குழுவில் இருந்த ழான்-ஃப்ரான்சுவா தெனியோ சொன்ன கதையைப் பாருங்கள். 1955 நவம்பரில், ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கான ஒப்பந்தத்தைப் பேசிய பிரஸ்ஸல்ஸ் குழுக் கூட்டத்தில், இந்த ஒப்பந்தம் தேறவே தேறாது, தேறினாலும் நடைமுறைக்கு வராது என்று பிரிட்டிஷ் அதிகாரி பிரெதர்டன் நறுக்கென்று சொல்லிவிட்டு வெளியேறினாராம். கதை ஜோர்தான். ஆனால் அந்த வசனத்துக்கு அன்றைய ஆவணங்களில் ஆதாரம் இல்லை.

ரொபேர் மார்ஜொலேனின் 'ஒரு வாழ்நாளின் உழைப்பு' (1986) இந்த ரகம் அல்ல. 1948 முதல் 1955 வரை ஐரோப்பியப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் பொதுச்செயலாளர். பிறகு, பொதுச் சந்தையை உருவாக்கிய ரோம் ஒப்பந்தத்துக்காக ஃபிரெஞ்சுத் தரப்பில் பேரம் பேசியவர். 1958 முதல் முதலாவது ஐரோப்பிய ஆணையத்தின் துணைத்தலைவர். வசனம் புனையும் ஆசை இவருக்குக் குறைவு. இருந்தாலும் அவர் சொல்வதையெல்லாம் ஒரே எடையில் ஏற்க முடியாது.

பொதுச் சந்தைக்கு எதிராக நின்ற சொந்த நாட்டு அமைச்சகங்களோடு மல்லுக்கட்டியதைப் 'பாரிஸ் போர்' என்கிறார். கதாநாயகன் அவரே என்பதால் இங்கே சந்தேகம் வரத்தான் வேண்டும். துணைக்கு ஒரு சாட்சி இருக்கிறது, ஒப்பந்தத்தின் வாசகமே. ஃபிரான்ஸுக்கென்று தனி நெறிமுறை ஒன்று இணைக்கப்பட்டது. ஏற்றுமதி மானியத்தையும் இறக்குமதி மீதான சிறப்பு வரியையும் கண்காணிப்புக்கு உட்பட்டு அது தொடரவிட்டது. சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற 119ஆம் பிரிவும் ஃபிரெஞ்சு ஆலைகளின் போட்டிப் பயத்தில் பிறந்ததுதான். கடல் கடந்த பிரதேசங்களுக்கான வளர்ச்சி நிதியாக 58 கோடிக் கணக்கு அலகுகளுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. அதில் ஜெர்மனி 20 கோடி கொடுக்க ஒத்துக்கொண்டது. உள்ளூர் எதிர்ப்பு அத்தனை கடுமையாக இல்லாவிட்டால் இவ்வளவு விலை கேட்கப்பட்டிருக்காது. இந்தப் பகுதியில் மார்ஜொலேன் தேறுகிறார்.

1956 நவம்பர் 6ஆம் தேதியைப் பற்றிப் பிரபலமான கதை வேறு. பாரிஸில் ஃபிரெஞ்சுப் பிரதமர் மொலேயும் ஜெர்மன் சான்சலர் அடினவரும் சந்தித்துக்கொண்டிருந்த அன்றே, பிரிட்டனும் ஃபிரான்ஸும் எகிப்தில் இறங்கியிருந்த சூயஸ் போர் நிறுத்தப்பட்டது. அவமானப்பட்ட ஃபிரான்ஸ் ஐரோப்பாவின் பக்கம் திரும்பியது என்பார்கள். அதே நாளில் மார்ஜொலேனும் ஜெர்மன் தரப்பின் கார்ல் கார்ஸ்டென்ஸும் எதைப் பேசி முடித்தார்கள்? கூடுதல் நேர வேலைக்கான ஊதியக் கணக்கை! மற்ற நாடுகள் ஃபிரெஞ்சு அளவை எட்டாவிட்டால் ஃபிரான்ஸ் தன் தொழில்களைக் காத்துக்கொள்ளலாம் என்ற சமரசம் அது. சூயஸ் அவசரத்தைக் கூட்டியிருக்கலாம். முடிச்சை அவிழ்த்தது இந்தச் சலிப்பூட்டும் கணக்குதான் என்பேன்.

சிக்கல், ஏன் என்ற கேள்வியில் வருகிறது. ஐரோப்பிய ஒருங்கிணைப்பை நடத்தியது வணிக நலனே என்று 1998இல் வாதிட்ட அரசியல் அறிஞர் ஆண்ட்ரூ மொராவ்சிக்குக்கும் இவர் உதவுவார்; கொள்கைப் பிடிப்புள்ள சில தலைவர்களே என்று 2003இல் எழுதிய கிரேக் பார்சன்ஸுக்கும் உதவுவார். போட்டி வந்தால் ஃபிரெஞ்சுத் தொழில் திருந்தும் என்று நம்பியவர் மார்ஜொலேன். அந்த நம்பிக்கைக்கு உள்நாட்டில் கூட்டாளிகள் குறைவு என்று காட்டுபவரும் அவரே. எதிரெதிர் வாதங்கள் இரண்டுக்கும் ஒத்தாசை செய்யும் சாட்சியத்தை வைத்து வழக்கை முடிக்க முடியாது.

அவர் நாணயத்துக்கு நல்ல உரைகல் 1965. ஆணையத் தலைவர் ஹால்ஸ்டைன் அதன் அதிகாரத்தைப் பெருக்கும் திட்டத்தை நீட்டியபோது மார்ஜொலேன் எதிர்த்தார். அதே திட்டத்தை எதிர்த்து ஃபிரெஞ்சு ஜனாதிபதி டி கோல், கூட்டங்களைப் புறக்கணிக்கும் 'காலி நாற்காலி' போராட்டத்தில் இறங்கினார். தான் இருந்த அமைப்பே எல்லை மீறியது என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். புகழுக்கு அதனால் லாபமில்லை.

ஆகவே என் தீர்ப்பு: பாரிஸில் என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதற்கு இந்த நூல் முதல்தரச் சாட்சி. ஒப்பந்தத்தில் ஆறு நாடுகளும் ஏன் கையெழுத்திட்டன என்பதற்கு இது போதாது. ஜெர்மன் பொருளாதார அமைச்சர் எர்ஹார்டின் முணுமுணுப்பை மீறி, 1956 ஜனவரியில் அடினவர் தன் அமைச்சர்களுக்கு ஒருங்கிணைப்பை ஆதரிக்கும்படி உத்தரவிட வேண்டியிருந்தது. ஜெர்மன் தலைநகர் பானில் நடந்த அந்தப் போருக்கு ஹான்ஸ் ஃபான் டெர் க்ரோபனிடம்தான் போக வேண்டும். எர்ஹார்டின் அமைச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ரோம் ஒப்பந்தத்துக்கு அடித்தளமிட்ட ஸ்பாக் அறிக்கையைப் பியர் யூரியோடு சேர்ந்து வரைந்தவர் அவர்.