இர்விங்கின் ‘ஸ்கெச் புக்’: நினைவில் நின்ற கதைகளும் மறக்கப்பட்ட கட்டுரைகளும்

ஒரு நூல் மக்களிடையே பெருவழக்குப் பெறும்போது அதன் முழுமையும் நிலைபெறுகிறது எனக் கொள்வதற்கில்லை. பெரும்பாலும் அதன் ஒரு பகுதியே வாழ்கிறது. எஞ்சியவை நூலகத் தட்டுகளில் அடங்கிவிடுகின்றன. எப்பகுதி போற்றப்படுகிறது, எப்பகுதி கைவிடப்படுகிறது என்பது வெறுமனே சுவை பற்றிய வினா அன்று. அது சமுதாய வரலாறு பற்றிய வினாவுமாகும். வாஷிங்டன் இர்விங் (1783–1859) எழுதிய ‘ஸ்கெச் புக்’ இதற்குத் தக்க உதாரணமாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் சுதந்திரத்தைப் பிரித்தானியா உடன்படிக்கை மூலம் ஏற்றுக்கொண்ட 1783ஆம் ஆண்டிலேயே இர்விங் நியூயோர்க்கிற் பிறந்தார். லிவர்பூலில் நடந்துவந்த குடும்ப வணிகம் 1818இல் முறிந்தபின், எழுத்தையே சீவனோபாயமாகக் கொண்டார். ‘ஸ்கெச் புக்’ 1819, 1820ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்கில் ஏழு பகுதிகளாக வெளிவந்தது. 1820இல் இலண்டனில் இரு தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பெற்றது. அதிலுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஆக்கங்களிற் பெரும்பாலானவை இங்கிலாந்தின் தேவாலயங்களையும் கிராமங்களையும் நத்தார்க் கொண்டாட்டங்களையும் பொருளாகக் கொண்டவை. எனினும் அது அமெரிக்க இலக்கியத்தின் முன்னோடி நூலாகக் கொள்ளப்படுவதற்கு ‘ரிப் வான் விங்கிள்’, ‘ஸ்லீப்பி ஹொலோ’ ஆகிய இரு கதைகளே தலையாய காரணம்.

மனைவியின் ஏச்சுக்கு அஞ்சி மலையேறிய ரிப், இருபது ஆண்டுகள் உறங்கி விழிக்கையிற் புரட்சி நடந்து முடிந்துவிட்டது. விடுதிப் பலகையிலே ஜோர்ஜ் மன்னரின் முகம் இன்னும் இருக்கிறது. ஆனாற் சிவப்புச் சட்டை நீலமாகவும் செங்கோல் வாளாகவும் மாற்றப்பட்டு, அடியில் ஜெனரல் வாஷிங்டனின் பெயர் எழுதப்பட்டுள்ளது. ஆட்சிமாற்றத்தின் ஆழம் எவ்வளவு என்ற வினாவை இவ்வொரு காட்சியே எழுப்பிவிடுகிறது. ஆயினும் கதை அவ்வினாவைத் தொடரவில்லை. மனைவி இறந்துவிட்டாள் என்பதே ரிப்புக்குக் கிடைத்த விடுதலை என நகைச்சுவையில் முடிகிறது. பழங்கதைகள் வேண்டிநின்ற இளைய நாட்டுக்கு, ஜெர்மனிய நாட்டார் கதையொன்றை ஒல்லாந்தக் குடியேறிகளின் கதையாக்கி இர்விங் வழங்கினார்.

‘ஸ்லீப்பி ஹொலோ’ ஒல்லாந்தப் பண்ணையின் வளத்தைச் சுவைபடக் காட்டுகிறது. அங்கே கறுப்பின மக்கள் விருந்துக்கு இசைப்போராகவும் செய்தி கொணர்வோராகவும் மட்டுமே, நகைப்புக்குரியோராய்த் தலைகாட்டுகின்றனர். நியூயோர்க் மாநிலத்தில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1827இலேயே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கதை வெளிவந்தபோது அப்பண்ணை வளத்தின் பின்னணியில் அடிமை உழைப்பும் இருந்தது. தலையற்ற குதிரைவீரனைக் கண்டு அஞ்சும் வாசகர் அதனைக் காண்பதில்லை.

இதே நூலின் இலண்டன் பதிப்பில், 1814இற் சஞ்சிகையொன்றில் தாம் எழுதிய இரு கட்டுரைகளை இர்விங் சேர்த்தார். ஒன்று, செவ்விந்தியர் என அன்று அழைக்கப்பட்ட சுதேச மக்களின் இயல்பு பற்றியது. மற்றையது, குடியேறிகள் ‘பிலிப் மன்னன்’ எனப் பெயரிட்டழைத்த வாம்பனோவாக் தலைவர் மெற்றாகொம் பற்றியது. 1675இல் மூண்ட போரில், அடுத்த ஆண்டு அவர் கொல்லப்பட்டார். அவரது தலை பிளிமத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டது. வென்றவர்கள் எழுதிய குறிப்புகளைக் கொண்டே, அவர்கள் கொடியவன் எனத் தூற்றியவரை நாட்டுப்பற்றாளராக இர்விங் இனங்காட்டினார். அக்காலத்தை நோக்குமிடத்து இது துணிவான முயற்சி எனலாம்.

அக்கட்டுரைகளும் குறைபாடற்றவையல்ல. சுதேச மக்களை மறைந்துகொண்டிருக்கும் இனமாகக் கருதி இர்விங் இரங்கற்பா பாடுகிறார். ஆனால் அம்மக்கள் அன்று வாழ்ந்துகொண்டும் போரிட்டுக்கொண்டுமிருந்தனர். அழிவை இயற்கையின் நியதிபோலக் காட்டும் இரக்கம், அழிப்பவரின் பொறுப்பைக் குறைத்துவிடுகிறது. 1830இல் அவர்களை மிசிசிப்பிக்கு மேற்கே அகற்றுவதற்கான சட்டம் நிறைவேறியது. 1836இலோ, உரோம வணிகத்தாற் பெருஞ்செல்வரான அஸ்ரரின் வேண்டுகோளின்படி அவரது மேற்குக்கரை வணிக முயற்சியின் வரலாற்றை இதே இர்விங் ‘அஸ்ரோரியா’ என எழுதினார். தனிமனித இரக்கம் வர்க்கச் சார்பின் எல்லையைத் தாண்டுவது எளிதன்று.

இருப்பினும், கதைகள் பெற்ற புகழைக் கட்டுரைகள் பெறாமைக்கு இக்குறைபாடு காரணமன்று. கதைகள், கடந்த காலத்தைக் குற்றவுணர்வின்றி நேசிக்க வழிசெய்தன. கட்டுரைகள் அந்நேசத்துக்கு இடையூறாயின. நியூயோர்க் மாநிலத்து நோர்த் டரிரவுன் என்னும் ஊர் 1996இல் ஸ்லீப்பி ஹொலோ எனத் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. ஒரு கதைக்குத் தேசப்படத்தையே திருத்தும் ஆற்றல் வாய்ப்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கதைகளைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. அவற்றின் மொழிநயமும் அங்கதமும் இன்றும் மங்காதவை. ஆனால் ரிப்பின் உறக்கத்தையும் மெற்றாகொம்மின் போரையும் ஒரே நூலாசிரியர் ஒரே அட்டைக்குள் வைத்தார். அவற்றைப் பிரித்தது பிற்காலத்து வாசிப்பு. மீண்டும் சேர்த்து வாசிக்கும்போதே அமெரிக்க வரலாறு பற்றி அந்நூல் கூறுவதும் கூறத் தயங்குவதும் ஒருங்கே புலனாகும். அச்சேர்க்கையைச் செய்வது திறனாய்வின் கடமையாகும்.