கயிறும் தரிசனமும்

நம் விமர்சனத்தில் மிக மலிவாகிப்போன சொற்கள் இரண்டு: பார்வை, தரிசனம். ஒரு நாவலாசிரியனுக்குப் பார்வை இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை என்று எழுதிவிட்டால் தீர்ப்பு முடிந்தது. ஒரு கவிஞருக்கு மூன்றாவது தொகுதியில் தரிசனம் கிட்டிவிட்டது என்று நானும் எழுதியிருக்கிறேன். அப்போது மனத்தில் இருந்த படிமம் எது என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கண்ணில் கட்டியிருந்த துணி அவிழ்கிறது. உலகம் முழுசாக உள்ளே வந்து விழுகிறது. சினிமாவில் வரும் ஆஸ்பத்திரிக் காட்சிதான். கட்டை அவிழ்த்ததும், பிறந்ததிலிருந்து கண் தெரியாத பெண் எதிரே நிற்பவளைப் பார்த்து 'அம்மா' என்கிறாள். பார்த்தே இராத முகத்தை அவள் எப்படி அடையாளம் கண்டாள் என்று கொட்டகையில் யாரும் கேட்பதில்லை.

பிரையன் ஃப்ரீலின் 'மோலி ஸ்வீனி' நாடகத்தைப் (1994) படித்த பிறகுதான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கேள்வி பழையது. 1688இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ, தத்துவவாதி ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டார்: பிறவியிலேயே கண் தெரியாதவன் ஒருவன் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டு வேறுபடுத்தத் தெரிந்தவன், அவனுக்குத் திடீரென்று கண் கிடைத்தால், தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வானா? மாட்டான் என்றார்கள் இருவரும். மாலினோவின் மனைவி திருமணமான கொஞ்ச காலத்திலேயே பார்வையை இழந்தவர். அந்த வீட்டில் அது வெறும் தத்துவ விளையாட்டாக இருந்திருக்காது.

பதில் சொல்ல நிஜ மனிதர்கள் வந்தார்கள். இங்கிலாந்தில் ஒருவருக்குப் பத்து மாதக் குழந்தையில் கண் போயிற்று. 1958 இறுதியிலும் 1959 தொடக்கத்திலும் கார்னியா மாற்றுச் சிகிச்சை நடந்து, 52ஆம் வயதில் பார்வை வந்தது. ரிச்சர்ட் கிரிகரியும் ஜீன் வாலஸும் 1963இல் வெளியிட்ட ஆய்வில் அவர் வெறும் எஸ்.பி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் மணி சொன்னார். கண்ணாடி இல்லாத கைக்கடிகாரத்தின் முள்ளைத் தடவிப் பழகியிருந்தவர். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் படித்தார். பள்ளியில் தொட்டுக் கற்றது அவற்றைத்தான். கற்றுத் தராத சின்ன எழுத்துகள் அவருக்குப் புரியவில்லை. விரல் ஏற்கெனவே அறிந்ததைத்தான் கண் கண்டது.

லண்டன் விஞ்ஞான மியூசியத்தில் ஒரு லேத். கருவிகள் மீது ஆசை கொண்ட அவர் வெகுநாளாகப் பார்க்க ஏங்கிய இயந்திரம். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தபோது ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டார்கள். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு கைகளால் முழுக்கத் தடவினார். பிறகு பின்னால் நகர்ந்து கண்ணைத் திறந்து, தொட்டாகிவிட்டதால் இப்போது பார்க்க முடிகிறது என்று சொன்னார். பார்ப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்ட இந்த மனிதரைப் போல் ஸ்தூலமான ஒரு படிமத்தை நம் கவிதையில் நான் அதிகம் கண்டதில்லை.

மற்றதையும் சொல்ல வேண்டும். கண் தெரியாதபோது தனியாகத் தைரியமாகத் தெருவைக் கடந்தவர், கண் வந்த பிறகு வாகனங்களைக் கண்டு நடுங்கினார். உரிந்த பெயின்ட்டும் அழுக்கும் அவரை வருத்தின. மாலையில் விளக்கேற்றாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். 1960இல் இறந்தார்.

ஆலிவர் சாக்ஸ் இன்னொருவரைப் பற்றி 1993இல் எழுதிய கட்டுரைக்குத் தன் நாடகம் கடன்பட்டிருப்பதை ஃப்ரீல் மறைக்கவில்லை. மோலிக்கு 41 வயது. அவளுக்கும் பத்து மாதத்தில் போன கண். மசாஜ் செய்வது வேலை; நீச்சலில் அவளுக்கு இருக்கும் ஆனந்தம் கண்ணுள்ளவர்களுக்குக் கிட்டாதது. கணவன் ஃபிராங்க், எதையாவது காப்பாற்றக் கிளம்பும் உற்சாகி. டாக்டர் ரைஸ், மனைவி விட்டுப்போன பிறகு விஸ்கியில் கரைந்துகொண்டிருக்கும் முன்னாள் நிபுணர். இருவருக்கும் அவள் கண் திறக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு வேண்டியிருந்ததா என்பதுதான் நாடகம்.

மூன்று பேரும் மேடையில் இருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் நம்மிடம்தான் பேசுகிறார்கள். இது வெறும் உத்தி இல்லை. அவளைப் பற்றி இரண்டு ஆண்கள் வைத்திருக்கும் கருத்துகள் ஒருபோதும் அவளைத் தொடுவதில்லை என்பதை வடிவமே சொல்லிவிடுகிறது. சிகிச்சைக்கு முந்தின இரவு, வீடு நிறைய விருந்தாளிகள். கோபமும் பயமுமாக மோலி எழுந்து வீடு முழுக்கச் சுழன்று ஆடுகிறாள். எதிலும் இடிக்கவில்லை, எதையும் தள்ளவில்லை. தன் உலகத்தின் மீது அவளுக்கு இருந்த முழு ஆட்சி அந்த ஆட்டத்தில் தெரிகிறது. அடுத்த நாளிலிருந்து அது இல்லை. கடைசியில் மனநோய் ஆஸ்பத்திரிப் படுக்கையில், காண்பது நிஜமா என்று கவலைப்படுவதையும் விட்டுவிட்டுக் கிடக்கிறாள். இறந்துபோன தாயும் வந்து போகிறாள்.

ஆனாலும் எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. ஏரி நீர் உயர்ந்து மூழ்கப்போகும் வளையிலிருந்து பேட்ஜர் என்ற வளைதோண்டிப் பிராணிகளை ஃபிராங்கும் நண்பனும் இடம் மாற்றப் பார்க்கிறார்கள். அவை பழைய வளைக்கே ஓடுகின்றன. மோலியின் கதைக்கு எழுதிய கோனார் நோட்ஸ் இது. இதன் தர்க்கத்தை ஏற்றால், இருட்டில் இருந்தவர்களை இருட்டிலேயே விட்டிருக்க வேண்டும் என்றாகும். அற்புதக் கதையைக் கவிழ்த்துவிட்டு அதே இடத்தில் சோகக் கதையை உட்கார்த்துவது இது. இரண்டிலும் கண் தெரியாதவர் நம் சௌகரியத்துக்கான ஒரு குறியீடு.

உண்மை இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. பவன் சின்ஹா 2005இல் ஆரம்பித்த 'பிரகாஷ்' திட்டத்தில், இந்தியாவில் பிறவியிலிருந்து கண் தெரியாத பிள்ளைகளுக்குச் சிகிச்சை தந்து, கூடவே ஆராய்ந்தார்கள். 2011இல் வெளியான முடிவு 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரைப் பற்றியது. சிகிச்சை முடிந்த இரண்டு நாட்களுக்குள், கையால் தொட்ட உருவத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஏறக்குறைய முடியவில்லை. லாக் சொன்னது சரிதான். ஆனால் மறுபடி சோதித்தபோது, சில நாட்களிலேயே கையும் கண்ணும் ஒன்றையொன்று அறிய ஆரம்பித்திருந்தன. இவர்கள் சிறுவர்கள், எஸ்.பி.யின் வயது வேறு என்பது நியாயம். ஆனாலும் இங்கே நடந்தது அற்புதமும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை; பயிற்சி. ஃப்ரீலின் நாடகத்தில் இல்லாத மூன்றாவது சாத்தியம் இது.

நம்மிடமும் ஒரு கதை உண்டு. பெரியபுராணத்தில் தண்டியடிகள், பிறவியிலேயே கண் தெரியாதவர். திருவாரூர்க் குளத்தைத் தோண்ட, உள்ளே ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, நடுவே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே போய் மண்ணை எடுத்து, தடவிக்கொண்டே வந்து கொட்டுகிறார். சமணர்கள் கேலி செய்து, தறியையும் கயிற்றையும் பிடுங்கிவிடுகிறார்கள். பிறகு அருள், குளத்தில் மூழ்கி எழும்போது கண் தெரிகிறது, கேலி செய்தவர்களுக்குப் போய்விடுகிறது. அது பக்திக் காவியம், அதன் நியாயம் வேறு; அதோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கதையிலிருந்து நாம் எதை எடுத்துக்கொண்டோம் என்பதில்தான் சண்டை. மூழ்கி எழுந்ததை எடுத்துக்கொண்டோம். கயிற்றை விட்டுவிட்டோம்.

சேக்கிழார் கயிற்றை அவ்வளவு துல்லியமாகக் கட்டியிருக்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் குளத்தின் நீளமும் ஆழமும் தண்டியடிகளின் உள்ளங்கைக்கு ஏற்கெனவே தெரியும். கண் வந்த அன்று அவர் முதலில் எதைக் கண்டு புரிந்துகொண்டிருப்பார்? என் ஊகம், கயிற்றை. லேத்தின் முன் எஸ்.பி.க்கு நேர்ந்ததும் அதுதான்.

ஒரு எழுத்தாளனுக்குப் பார்வை கிடைத்துவிட்டது என்று இனி எழுதும் முன், அவன் எதைத் தடவித் தடவி அந்த இடத்துக்கு வந்தான் என்று சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள உத்தேசம். சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிடலாம். அந்த மூன்றாவது தொகுதியை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். முதல் இரண்டையும் கூடவே.