சொல்வலையும் நிகண்டும்: பொருள்வகைப்பாட்டு முறை பற்றிய ஒரு மதிப்பீடு

ஓர் அறிவுத்துறையிற் பயிலும் கருத்துக்களை வகுத்து, அவற்றிடையேயுள்ள உறவுகளைக் கணினி ஏற்குமாறு வரையறுத்துரைக்கும் அமைப்பினை ஆங்கில நூலார் 'ஒண்டாலஜி' என்பர். மெய்ப்பொருளாராய்ச்சியில் உள்பொருளின் இயல்பை ஆயும் பகுதிக்குரிய அப்பெயர், 20-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கணினித்துறையிலும் வழங்கலாயிற்று. ஈண்டு அதனைப் 'பொருள்வகைப்பாடு' என வழங்குவாம். அதனை ஆக்குதற்கும் காத்தற்கும் கூறப்படும் முறைகள் தமிழ்ச் சொற்களுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதே நாம் ஆராயப் புகுவது.

சொற்களைப் பொருள்வழி வகுத்தல் தமிழர்க்குப் புதியதன்று. திவாகரம் தெய்வப் பெயரில் தொடங்கி 12 தொகுதிகளாகச் சொற்களை வகுக்கின்றது. பிங்கலமோ வான்வகையை முதலாகக் கொண்டு 10 வகையாகப் பகுக்கின்றது. ஒரே மொழியின் சொற்பரப்பை இருவர் இருவேறு நெறியில் வகுத்தமையால், வகைப்பாடு வகுப்பாரின் நோக்கத்தைச் சார்ந்தது என்பது பெறப்படும். 2001-இல் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தினின்று வெளிவந்த வழிகாட்டியும் இக்கருத்தினதே. ஒரு துறையை வகுத்தற்கு ஒன்றேயான சரியான வழி இல்லை என்றும், வகைப்பாடு விடையிறுக்க வேண்டிய வினாக்களை முதற்கண் வரைந்துகொள்க என்றும் அது கூறும்.

இனி, ஒரு மொழிக்குச் சொல்வலை அமைக்கும் முறையினை நோக்குவாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985-இல் தொடங்கிய வேர்ட்நெட், ஒருபொருள் குறித்த சொற்களை ஒரு தொகையாக்கி, அத்தொகைகளைப் பொது-சிறப்பு, முழுமை-உறுப்பு முதலிய உறவுகளாற் பிணைத்தது. பிறமொழிகளுக்கு இவ்வாறு அமைக்குங்கால் இருமுறைகள் கையாளப்பட்டன. முன்னுள்ள ஒரு மொழியின் தொகைகளை அவ்வாறே கொண்டு, அவற்றிற்கு நேரான சொற்களை நிரப்புதல் விரித்தல் முறை. தன் மொழியை முதலில் தனித்து வகுத்துப் பின்னர்ப் பிறவற்றோடு பொருத்துதல் இணைத்தல் முறை. இந்திய மொழிகட்குரிய இந்தோவேர்ட்நெட், இந்திச் சொல்வலையை அடியாகக்கொண்டு பெரும்பாலும் விரித்தல் முறையால் எழுந்ததாகும். இம்முறையால் உழைப்புச் சுருங்கும். மொழிகள் தொடக்கத்திலேயே தம்முள் இணைக்கப்படுதலின் மொழிபெயர்ப்பிற்கும் உதவும். இந்நன்மைகளை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் உறவுமுறைச் சொற்களில் இதன் குறை புலனாகின்றது. 'மாமன்' என்னும் சொல் தாயுடன் பிறந்தானையும், தந்தையுடன் பிறந்தாள் கணவனையும், மனைவி அல்லது கணவனின் தந்தையையும் தமிழ் வழக்கிற் பலவிடத்துங் குறிக்கும். இந்தியிலோ மாமா, ஃபூஃபா, சசுர் என மூன்று தனிச்சொற்கள் உள. அதன் தொகைகளில் தமிழை நிரப்பின் 'மாமன்' மூன்றிடத்துச் சிதறும். அந்நிலையில் அச்சொல், மரத்தையும் விலங்கையும் குறிக்கும் 'மா' என்பதனோடு ஒப்ப, பலபொருள் ஒருசொல்லாகவே கணினிக்குத் தோன்றும். 'மா' என்பதன் பொருள்கள் தம்முள் இயைபிலாதவை. 'மாமன்' என்பதன் பொருள்களோ முறைமணம் என்னும் வழக்கால் ஒன்றுபட்டவை. அவ்வழக்கை மறைக்கும் வகைப்பாடு, சொல்லைக் காட்டியும் பொருளை இழந்ததாம்.

அவ்வம்மொழிக்கே உரிய தொகைகளைப் புதிதாகச் சேர்த்தற்கு விரித்தல் முறையிலும் இடமுண்டே எனின், அற்றன்று. அவ்விடம் மூலமொழியில் இல்லாத கருத்திற்கே பயன்படும். ஈண்டுக் கருத்துக்கள் மூன்றும் மூலத்தில் உள; இல்லாதது அவற்றை ஒன்றுபடுத்தும் உறவே.

ஆக்குதலினும் அரியது காத்தல். 1998-இல் தொடங்கப்பெற்ற 'ஜீன் ஒண்டாலஜி' என்னும் மரபணுத்துறை வகைப்பாடு இதற்கு நல்ல வழிகாட்டுகின்றது. அதன்கண் ஒரு கலைச்சொல் பொருந்தாதெனப்படின் அதனை அழித்துவிடுவதில்லை. வழக்கொழிந்தது எனக் குறித்து வைப்பர். அதன் அடையாள எண்ணைப் பிறிதொன்றிற்கு வழங்கார். அதனால் முன்னைய ஆய்வுகள் பற்றுக்கோடிழப்பதில்லை. ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுத்த தொல்காப்பிய மரபியலும், எடுத்துக்காட்டுக்களின்பின் அவ்வப் பிறப்பிற்குரியன பிறவும் உள எனக் கூறிப் புதியன புகுதற்கு வாயில் வைத்தது. ஆனால் நிகண்டு மரபில் மாற்றத்தின் காரணம் பதிவாகவில்லை. மண்டலபுருடர் முன்னை நிகண்டுகளைத் தழுவிச் சூடாமணியைச் செய்தார். எச்சொல்லை ஏன் விடுத்தார், எதனை ஏன் இடம்பெயர்த்தார் என்பதை அந்நூலின் செய்யுட்கள் நமக்குக் கூறுவதில்லை. நிகண்டிற்கு அது குறையாகாது. மனனம் செய்தற்கு எழுந்த நூல் அது. பலர் கூடிப் பல்லாண்டு திருத்தும் கணினி வகைப்பாட்டிற்கோ அது பெருங்குறையாம்.

ஆகலின், தமிழ்ச் சொல்வலை தமிழ் வழக்கினின்றே முதலில் வகுக்கப்படுதல் வேண்டும். பிறமொழிப் பிணைப்பு அதன்பின் அமைதல் வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் காரணத்தோடும் ஆண்டோடும் பதியப்படுதல் வேண்டும். முதுகலை மாணவர் தத்தம் வட்டார உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளியைபை வரைந்து தருவாராயின், இப்பணிக்கு அதுவே தக்க தொடக்கமாம் என்பது நம் துணிபு.